நேரோபோட்டில் ஓய்வுக்காலம்: சுக்கான் யார் கையில், லாக் யார் தலையில்?

ஓய்வுக்காலம்:
வணக்கம் நண்பர்களே. கவென்ட்ரியில் இருக்கிறோம். நான் வேலையை விட்டாயிற்று, வீட்டம்மாவுக்கு வரும் வசந்தத்தில் ஓய்வு. கால்வாய்கள் சேரும் ஹாக்ஸ்பரி சந்திப்புப் பக்கம் நடக்கப் போகும்போதெல்லாம் நேரோபோட் என்கிற அந்த ஒடுங்கிய நீளப் படகுகளைப் பார்த்துப் பார்த்து ஆசை முற்றிவிட்டது. நடிகர் தம்பதி டிமோத்தி வெஸ்டும் ப்ரூனெல்லா ஸ்கேல்ஸும் எண்பது வயதில், அதுவும் அந்த அம்மாவுக்கு மறதி நோய் வந்த பிறகும், கால்வாய் கால்வாயாகப் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து நமக்கென்ன கேடு என்று தோன்றுகிறது.

கேள்விகள் இவைதான். படகை வாங்குவதா, முதலில் வாடகைக்கு எடுப்பதா? அறுபது தாண்டிய இரண்டு பேர் மட்டும் போதுமா? எனக்கு வலது முழங்கால் தேய்ந்திருக்கிறது, அவளுக்கு நீச்சல் தெரியாது. நான் சுக்கான் பிடிப்பேன், அவள் லாக் வேலையைப் பார்த்துக்கொள்வாள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன் (லாக் என்பது படகை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் கால்வாயில் கட்டிய கதவுத் தொட்டி).

சுக்கான்பிடி:
அண்ணா, அந்தக் கடைசி வரியில்தான் வம்பே இருக்கிறது. மற்றதெல்லாம் சமாளிக்கலாம்.

நானும் என் வீட்டுக்காரரும் 57 அடிப் படகு ஒன்று வைத்திருக்கிறோம். கோடை முழுக்க அதில்தான். கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்து போகிற வருகிற படகுகளைப் பாருங்கள், பத்துக்கு எட்டில் ஆண் பின்னால் நின்றுகொண்டு சுக்கானைப் பிடித்திருப்பார், கையில் டீ கோப்பை. பெண் இரும்புக் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு கரையில் ஓடிக்கொண்டிருப்பார். ஹேட்டனில் வரிசையாக 21 லாக். டார்டெபிக்கில் 30. அங்கெல்லாம் ஒருவர் படகை முன்னும் பின்னும் நகர்த்துகிறார், இன்னொருவர் மதகு திறந்து, மூடி, கதவைத் தள்ளி, அடுத்த லாக்குக்கு நடந்து, மறுபடி அதையே செய்கிறார். ஒரே ஆள் தொடர்ந்து அதைச் செய்தால் மற்றவர் ஓட்டுநர், இவர் கூலி. ஒரு பயணத்தோடு "எனக்கு வேண்டாம்ப்பா இந்தப் படகு" என்று சொல்லிவிட்ட பெண்கள் எனக்குத் தெரிந்தே உண்டு, அவர்கள் யாரும் தண்ணீருக்குப் பயந்து விட்டவர்கள் இல்லை.

ஆகவே வாங்குவதா வாடகையா என்று யோசிக்கும் முன் இரண்டு பேரும் இரண்டு வேலையும் கற்றுக்கொள்ளுங்கள். நியாயத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சுக்கான் பிடித்திருப்பவர் தவறி விழுந்தால் மற்றவர் முதலில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் கீழே புரொபெல்லர் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் "இது எப்படிப்பா?" என்று கேட்க ஆள் இருக்காது.

நீச்சலைப் பற்றி: பெரும்பாலான இடங்களில் கால்வாய் நாலடி ஆழம்தான், விழுந்தால் எழுந்து நிற்கலாம். லாக்குக்குள் கதை வேறு, அது ஆழம், சுவர் வழுக்கும். உயிர்காப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், கூச்சம் வேண்டாம்.

முழங்காலுக்கு ஒரே ஒரு விதி, குதிக்கவே கூடாது. படகைக் கரையோடு அணைத்து, நின்ற பிறகு காலை எடுத்து வையுங்கள்.

கணக்குப்பிள்ளை:
வாங்குவதைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். படகு விலை தலைவலி இல்லை, அதற்குப் பிறகு வருவதுதான் தலைவலி.

முதலில் உரிமம். கால்வாய்களைப் பராமரிக்கிற கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் படகின் நீளத்தை வைத்து வாங்குகிறது, 57 அடிக்கு வருடம் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். சொந்தத் துறையடி (படகை நிரந்தரமாகக் கட்டிவைக்கும் இடம்) இல்லாமல் சுற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து கூடுதல் கட்டணம், 5 சதவீதத்தில் தொடங்கி வருடா வருடம் ஏறி 2028-ல் 25 சதவீதம். துறையடி வாடகை ஊருக்கு ஊர் மாறும், லண்டன் பக்கம் கேட்டால் மயக்கம் வரும். அப்புறம் காப்பீடு, நாலு வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி அடிப்பகுதிக்குக் கறுப்பு பூச்சு.

பழைய படகு என்றால் சர்வேயர் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 10/6/4 என்று விளம்பரத்தில் பார்ப்பீர்கள், அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6, மேலே கேபின் 4 என்று அர்த்தம். அது படகு கட்டிய நாளில் இருந்த தடிமன். சர்வேயர் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து இப்போது எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார். நீர்மட்டத்துக்குக் கீழே 4 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் காப்பீட்டுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம். அதன் மேல் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கிற செலவு உங்கள் தலையில்.

என் கட்சி: இரண்டு வருடம் வாடகைக்கு எடுங்கள். வருடத்துக்கு இரண்டு வாரம் போக ஆசைப்படுகிறவருக்குச் சொந்தப் படகு தண்டச் செலவு.

யாழ்தேவி:
நாங்கள் அல்பர்ட்டன் பக்கம். வீட்டுக்குக் கிட்டவே கிராண்ட் யூனியனின் பாடிங்டன் கிளை ஓடுகிறது, நார்த் சர்க்குலர் ரோட்டுக்கு மேலாலேயே கால்வாய் பாலத்தில் போகும், கீழே கார்கள், மேலே படகு. கௌலி லாக்கில் இருந்து கேம்டன் வரைக்கும் ஏறக்குறைய 20 மைலுக்கு ஒரு லாக்கும் இல்லை. லாக் எண்டால் பயம் என்பவர்கள் ஒரு நாள் படகை அங்கே எடுத்து ஓடிப் பார்க்கலாம்.

ஒருத்தரும் கேட்காத விசயத்தை நான் சொல்கிறேன், கழிப்பறை. இரண்டு வகை. கேசட் எண்டால் நிரம்பினதும் பெட்டியைக் கழற்றி, அதற்கென்று இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். மற்றது பம்ப்-அவுட், கட்டிலுக்குக் கீழே பெரிய தொட்டி, படகுத்துறையில் காசு கட்டி உறிஞ்சி எடுப்பிக்க வேண்டும். வாடகைப் படகில் அனேகமாகப் பம்ப்-அவுட்தான், ஒரு கிழமைக்குத் தாங்கும். படகு வாங்குகிற ஆட்கள் சந்தித்தால் முதல் அரை மணித்தியாலம் இதைத்தான் கதைப்பார்கள், சாப்பாட்டு நேரம் எண்டும் பார்க்க மாட்டார்கள்.

தண்ணீரும் அப்படித்தான். தொட்டியில் பிடித்ததுதான் தண்ணீர். குளிக்கப் போகிற ஆளுக்கு வெளியில் நிற்கிற ஆள் கதவைத் தட்டுவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

ஓய்வுக்காலத்தின்_மறுபாதி:
வணக்கம். இவர் என்னைக் கேட்காமல் இந்த இழையைத் தொடங்கியிருக்கிறார், "அவள் லாக் வேலையைப் பார்த்துக்கொள்வாள்" என்பதை இங்கே படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சுக்கான்பிடி அக்கா வாயில் சர்க்கரை போட வேண்டும்.

நான் சுக்கான் பிடிக்கிறேன். அதில் எது கஷ்டம், உள்ளதைச் சொல்லுங்கள். லாக்கில் என்னதான் நடக்கிறது என்பதையும் சொல்லுங்கள், ஹாக்ஸ்பரியில் வேடிக்கை பார்த்ததில் அரை அடிதான் ஏறி இறங்குகிறது, அதை வைத்து ஒன்றும் புரியவில்லை.

சுக்கான்பிடி:
வாங்கம்மா. ஹாக்ஸ்பரியில் இருப்பது வெறும் தடுப்பு லாக். ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாய்க் கம்பெனியும் கவென்ட்ரிக் கம்பெனியும் ஒருவர் தண்ணீரை மற்றவர் எடுத்துவிடக் கூடாது என்று காவல் போட்டதன் மிச்சம்.

நிஜ லாக் இப்படி. மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு, நடுவே கல் கட்டிய தொட்டி, அகலம் ஏழடி. உங்கள் படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். பக்கத்துக்கு ஓர் அங்குலம்தான். கதவிலும் கரையிலும் பேடில் என்கிற சின்ன மதகுகள் இருக்கும், அவற்றை 'வின்ட்லஸ்' என்கிற எல் வடிவக் கைப்பிடியால் சுற்றித் திறப்பது. மேலே போக: தொட்டி காலியாக இருக்கும்போது உள்ளே போய், கீழ்க்கதவை மூடி, மேல் மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். கரை மதகு முதலில், கதவு மதகு பிறகு. மாற்றிச் செய்தால் அருவி மாதிரி தண்ணீர் நேராக முன்தளத்தில் விழும்.

கீழே இறங்கும்போது ஒன்றே ஒன்றை மனதில் வைத்தால் போதும், சில். மேல்கதவுக்கு அடியில் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற கல் திண்டு அது. நிரம்பியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. கரையில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். உங்கள் படகின் பின்பகுதி அந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். தண்ணீர் இறங்க இறங்கப் பின்பகுதி திண்டில் உட்கார்ந்துவிட்டால் முன்பகுதி மட்டும் கீழே போகும், சில நிமிடத்தில் படகே மூழ்கும். ஆகவே கரையில் நிற்பவர் கண் தண்ணீரில் அல்ல, படகில் இருக்க வேண்டும். ஏதாவது சரியில்லை என்றால் உடனே கீழ் மதகை மூடு, பிறகு கேள்வி கேள்.

கைப்பிடியைச் சுழலும் அச்சில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அச்சைப் பிடித்திருக்கும் கொக்கி நழுவினால் அது சுற்றிப் பறக்கும், பல்லும் போகும் கையும் போகும். கதவைத் தள்ளக் கை வலு தேவையில்லை, நீளமான மரக்கட்டையில் இடுப்பைச் சாய்த்துக் காலால் உந்த வேண்டும். இரண்டு பக்கமும் நீர்மட்டம் சமமாகும் வரை பீமனே வந்தாலும் அசையாது. சமமானதும் தானாக இளகும். அதற்கு முன் முண்டுகிறவர்கள்தான் முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள்.

சுக்கான்: இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும், ஒரு மணி நேரத்தில் கை பழகிவிடும். படகு நடுவிலிருந்து சுழல்கிறது, அதனால் முன்பக்கம் திரும்பும்போது உங்கள் பின்பக்கம் எதிர்க்கரையைத் துடைத்துக்கொண்டு போகும். புரொபெல்லர் தள்ளாவிட்டால் சுக்கானுக்கு வேலையில்லை, அதனால் பயந்து எஞ்சினை அடக்கினால் இருக்கிற கட்டுப்பாடும் போய்விடும். பிரேக் கிடையாது, ரிவர்ஸ்தான் பிரேக். ரிவர்ஸில் அது தன் இஷ்டத்துக்குத்தான் போகும். எதிலாவது மோதப் போகிறது என்றால் மோதட்டும், காலையோ கையையோ குறுக்கே நீட்டாதீர்கள், 15 டன்னுக்கு மேல் எடை அது.

வேக வரம்பு மணிக்கு 4 மைல், நடைமுறையில் 3. கட்டிநிற்கும் படகுகளைக் கடக்கும்போது அதற்கும் குறைவு, இல்லாவிட்டால் உள்ளே ஒருவர் காபியைக் கொட்டிக்கொண்டு வெளியே வந்து உங்களைத் திட்டுவார், அந்தத் திட்டு நியாயமானது.

பழங்கதை:
சுக்கான்பிடி சொன்ன பஞ்சாயத்துக்கு இருநூறு வருடக் கதை இருக்கிறது. 1761-ல் ஜேம்ஸ் பிரிண்ட்லி அமைத்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறந்ததும் வொர்ஸ்லி சுரங்க நிலக்கரி மான்செஸ்டரில் பாதி விலைக்கு வந்தது, அதைப் பார்த்துத்தான் நாடு முழுக்க வெட்டினார்கள். பிறகு ரயில் வந்து சரக்குக் கூலி விழுந்தபோது படகோட்டிகள் குடும்பத்தையே படகில் ஏற்றிக்கொண்டார்கள். கரையில் வீட்டு வாடகை மிச்சம், மனைவி பிள்ளைகள் சம்பளமில்லாத ஆட்கள். பத்தடிக்கு ஏழடி கேபின், அதற்குள் அடுப்பு, கட்டில், பிள்ளைகள், எல்லாம். எஞ்சின் வந்த பிறகு ஒரு மோட்டார் படகு பின்னால் எஞ்சின் இல்லாத 'பட்டி' படகை இழுக்கும், அந்தப் பட்டியின் சுக்கான் பெரும்பாலும் மனைவி கையில். குழந்தையைப் பார்த்துக்கொண்டே, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே எழுபதடிப் படகைத் திருப்பினார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறைக்குப் பெண்களைப் பயிற்றுவித்து, மூன்று பேருக்கு ஒரு ஜோடிப் படகு என்று கிராண்ட் யூனியனில் விட்டார்கள். லண்டனிலிருந்து பர்மிங்காமுக்குச் சரக்கு, அங்கிருந்து காலியாக உங்கள் கவென்ட்ரிப் பக்கம் வந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு திரும்ப லண்டன். பெண்ணுக்குச் சுக்கான் வராது என்கிறவருக்கு இது ஒன்று போதும்.

1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து, ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்த சரக்குப் போக்குவரத்து ஏறக்குறைய முடிந்தது. இன்று நாம் உல்லாசமாகப் போவதற்கு வழி மிஞ்சியிருப்பது டாம் ரோல்ட், ராபர்ட் ஐக்மன் போன்றவர்களின் பிடிவாதத்தால். 1945-ல் டார்டெபிக்கில் ரோல்டின் படகில் சந்தித்தார்கள், மறு வருடம் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது. அப்புறம் இருவரும் சண்டை போட்டுப் பிரிந்தது தனிக்கதை.

கரையோரம்:
எல்லாரும் ஆசை காட்டுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன். வீட்டை விற்றுவிட்டுப் படகில் குடியேறுகிற யோசனை இருந்தால் நிதானம். துறையடி இல்லாத படகு 1995 சட்டப்படி ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, உண்மையாகவே பயணம் செய்ய வேண்டும். சட்டத்தில் இத்தனை மைல் என்று இல்லை, ஆனால் வருடம் முழுக்க 15-20 மைலுக்குள் சுற்றினால் டிரஸ்டிடமிருந்து கடிதம் வரும். ஜனவரியில் காய்ச்சலோடு படுத்திருக்கும்போது படகை நகர்த்துவது உல்லாசம் இல்லை. (உடம்பு சரியில்லை என்று முன்கூட்டியே சொன்னால் கூடுதல் நாள் தருவார்கள், அதற்கும் விண்ணப்பம் உண்டு.) வயதான காலத்தில் மருத்துவரிடம் பதிவு, தபால், வங்கி எல்லாவற்றுக்கும் முகவரி கேட்பார்கள்.

கால்வாயும் எப்போதும் திறந்திருக்காது. பெரிய பழுதுவேலைகளை நவம்பர் முதல் மார்ச் வரை வைத்துக்கொள்வார்கள். 2025 கோடையில் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, லீட்ஸ்-லிவர்பூல் உட்பட வடக்கிலும் நடுநாட்டிலும் பல வழிகள் பூட்டிக்கிடந்தன. திட்டம் போட்டு வந்தவர்கள் போட்ட இடத்தில் நின்றார்கள்.

சுக்கான்பிடி:
கரையோரம் சார் சொல்வது சரிதான், ஆனால் அவர் வீட்டை விற்கப் போவதாகச் சொல்லவில்லையே. ஒரு வாரம் போய்ப் பார்க்கட்டும்.

கவென்ட்ரிக்காரர்களுக்கு நான் சொல்லும் வழி: பிரான்ஸ்டன் பக்கத்தில் படகு எடுத்து ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாயில் வடக்கே வாருங்கள். ஹில்மார்டன் வரை ஏழு மைலுக்கு மேல் லாக்கே இல்லை, கை பழக அது போதும். ஹில்மார்டனில் மூன்று லாக், ஒவ்வொன்றும் இரட்டை, நாட்டிலேயே அதிகம் படகு கடக்கிற இடம். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், கூட்டம் இருந்தால் உதவிக்கு ஆளும் இருக்கும். ரக்பி தாண்டி நியூபோல்ட் சுரங்கம், 250 கஜம்தான், எதிர் வாய் கண்ணுக்குத் தெரியும். விளக்கைப் போட்டுக்கொண்டு நேராகப் போங்கள்.

அடுத்து உங்கள் ஹாக்ஸ்பரி. கவென்ட்ரிக் கால்வாயில் வடக்கே போக அங்கே ஏறக்குறைய அரை வட்டமாக மடங்கித் திரும்ப வேண்டும், இரும்புப் பாலத்துக்கு அடியில், மதுக்கடை வாசலில், பீர் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிற ஐம்பது பேர் முன்னிலையில். மெதுவாக மூக்கை உள்ளே விட்டு, சுக்கானை முழுக்க ஒரு பக்கம் தள்ளி, குறுகிய குறுகிய உந்தலாக எஞ்சினைக் கொடுத்தால் படகு தானே சுழன்று வந்துவிடும். கூட்டத்தைப் பார்க்காதீர்கள். தப்பாகப் போனால் கைதட்டுவார்கள், சரியாகப் போனால் ஏமாந்துபோவார்கள், அவ்வளவுதான். நான் அங்கே போகும்போதெல்லாம் சுக்கானை விட்டுக்கொடுப்பதில்லை.

அப்புறம் மார்ஸ்டன் சந்திப்பில் வலப்பக்கம் ஆஷ்பி கால்வாய். 22 மைல், லாக் கிடையாது. ஒரு காலத்தில் 30 மைல், சுரங்கம் தோண்டி நிலம் அமுங்கியதால் மேல்பகுதியை மூடிவிட்டார்கள். மூன்றாம் ரிச்சர்ட் மன்னன் 1485-ல் செத்த பாஸ்வொர்த் போர்க்களம் வழியில் வருகிறது, படகைக் கட்டிவிட்டு நடந்தே போகலாம். கடைசி வரை போக வேண்டியதில்லை, ஆனால் நினைத்த இடத்தில் படகைத் திருப்ப முடியாது, அதற்கென்று அகலமாக வெட்டிய இடங்கள் வரைபடத்தில் இருக்கும். நேரக் கணக்குக்கு ஒரு லாக்கை ஒரு மைலாக வைத்து மொத்தத்தை மூன்றால் வகுங்கள். நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டத் திட்டம் போடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
ஜூலை, ஆகஸ்டில் வாடகை எகிறும். ஏப்ரல் கடைசியில் போங்கள். குளிராக இருந்தால் கரி அடுப்பு இருக்கும், கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று ஏறியதும் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

ஓய்வுக்காலம்:
சரி, தீர்ப்பு வந்துவிட்டது. ஏப்ரலில் ஒரு வாரம் பதிவு செய்தாயிற்று. போகும்போது சுக்கான் அவள், வரும்போது நான். ஹாக்ஸ்பரி திருப்பம் இரண்டு முறையும் அவளுக்கே வேண்டுமாம். ஹில்மார்டனில் போகும்போது முழங்கால் உறை போட்டுக்கொண்டு நானே மதகு திறக்கிறேன்.

ஓய்வுக்காலத்தின்_மறுபாதி:
ஒரு சந்தேகம் மிச்சம். மிக்ஸி கொண்டுபோகலாமா? தோசைக்கல்?

யாழ்தேவி:
தோசைக்கல் தாராளமாக, அடுப்பு காஸ்தான். மிக்ஸியை விட்டுவிடுங்கோ. இன்வர்ட்டர் தாங்குமோ தாங்காதோ எண்டு வாடகைக்காரரிடம் வாக்குவாதப்படுவதை விட, சம்பலையும் மாவையும் வீட்டிலேயே அரைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கோ. மாவு ஏனத்தை முக்கால்வாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம், ஹில்மார்டனில் சுவரில் ஒரு இடி இடித்தால் தரையெல்லாம் மாவு.